இரட்டைச் சொற்களை வெட்டுமுன்

ஆங்கிலத்தில் செய்முறைக் குறிப்பேடு எழுதும் நம் மாணவர் ஒருவரின் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கரைசல் 'புளூ இன் கலர்' ஆக மாறியிருக்கும். அடியில் தங்கிய படிகங்கள் 'ஸ்மால் இன் சைஸ்' ஆக இருக்கும். குழாய்களில் 'ஈச் அண்ட் எவ்ரி' குழாயும் சோதிக்கப்பட்டிருக்கும். ஐயம் வந்தபோது சோதனை 'ரிப்பீட் அகெய்ன்' செய்யப்பட்டிருக்கும். எல்லாம் முடிந்தபின் கிடைப்பது 'ஃபைனல் கன்க்ளூஷன்'.

நீலம் என்றாலே அது நிறந்தான். சிறியது என்றால் அளவில் சிறியது என்பது சொல்லாமலே விளங்கும். 'ஈச்' என்றாலும் 'எவ்ரி' என்றாலும் ஒவ்வொன்று என்றே பொருள். 'ரிப்பீட்' என்பதற்குள்ளேயே 'மறுபடியும்' அடங்கியிருக்கிறது. முடிவு என்பது இறுதியில் வருவதால்தான் அதற்கு முடிவு என்று பெயர்.

இத்தகைய சொல்லிணைகளைத் திரட்டி, இடப்பக்கம் தவறும் வலப்பக்கம் திருத்தமுமாக அட்டவணை போட்டுத் தரும் கையேடுகள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அவற்றை வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்கின்றனர். அவை பயனற்றவை என்று நாம் கூறவில்லை. மேலே கண்ட ஐந்து தொடர்களையும் அவை சரியாகவே திருத்தும். ஆனால் அவற்றில் ஒரு பெருங்குறை உண்டு. எதை வெட்டவேண்டும் என்று சொல்கின்றனவே தவிர, ஏன் வெட்டவேண்டும் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாமல் ஐம்பது தொடர்களை நெட்டுருப் போட்டவர் ஐம்பத்தோராவது தொடரைக் கண்டதும் திகைக்கிறார். அதைவிடத் தீங்கானது, வெட்டக் கூடாத ஒன்றையும் அதே வேகத்தில் வெட்டிவிடுகிறார். அறிவியல் எழுத்தில் அது சொல்லழகு பற்றிய சிறு பிழை அன்று. பொருளே மாறிப்போகும் பிழை.

எனவே அட்டவணையைச் சற்று மூடி வைத்துவிட்டு, காரணத்தைத் தேடுவோம்.

முதலில், இந்த வழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். ஒரு பங்கு தமிழிலிருந்து வந்தது. 'நீல நிறமாக மாறியது' என்பது தமிழில் குற்றமற்ற தொடர். அப்படி எழுதிப் பழகிய கை ஆங்கிலத்திலும் நிறத்தைச் சேர்த்துக் கொள்கிறது. 'திரும்பி வந்தான்' என்ற நினைவில் 'ரிடர்ன்டு பேக்' பிறக்கிறது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நினைவில் 'டிஸ்கஸ்' என்ற சொல்லின்பின் தேவையில்லாத ஓர் 'அபௌட்' ஒட்டிக்கொள்கிறது. இவை தவிர, பள்ளியில் நாம் கற்ற இணைமொழிகளும் உள்ளன. சீரும் சிறப்பும், பேரும் புகழும், ஈடும் இணையும், உற்றார் உறவினர் என்று கட்டுரையில் அடுக்கினால் ஆசிரியர் மகிழ்ந்து மதிப்பெண் போடுவார். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்திற்குப் போகும் மாணவர், 'ஃபுல் அண்ட் கம்ப்ளீட்', 'பேசிக் அண்ட் ஃபண்டமென்டல்' என்று எழுதினால் நடை சிறக்கும் என எண்ணுவது இயல்பே.

நம் இலக்கணமோ இதில் மிகத் தெளிவாக இருந்திருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்', 'கூறியது கூறல்' ஆகிய இரண்டையும் நன்னூல் வைத்துள்ளது. அதே நன்னூல், ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் சேர்ந்து வருவதை 'ஒருபொருட் பன்மொழி' என்று பெயரிட்டு, அங்கே ஒரு சிறப்பு உண்டாயின் அது குற்றமாகாது என்றும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஆசிரியர் ஒன்றைக் கடிந்து, அதைப் போலவே தோன்றும் மற்றொன்றை ஏற்பது முரண்பாடாகத் தோன்றலாம். முரண்பாடு அன்று. இரண்டாவது சொல்லுக்கு அங்கே ஏதேனும் வேலை இருக்கிறதா என்பதே கேள்வி.

இதே கேள்வியை எண்களைக் கொண்டு ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் இலக்கண ஆசிரியர் அல்லர். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித அறிஞர் கிளாடு ஷானன். தந்தியிலும் தொலைபேசியிலும் செல்லும் செய்தியை எப்படி அளப்பது என்று ஆராய்ந்து 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்றைய கணிப்பொறி, கைப்பேசி ஆகியவற்றின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகிவிட்டது. அதில் அவர் பயன்படுத்திய ஒரு சொல் நமக்கு இங்கே வேண்டியது. அதை 'மிகைமை' என்று தமிழில் கூறலாம். செய்தியில் எந்தப் பகுதியை நீக்கினாலும் மீதியைக் கொண்டு அதை ஊகித்துவிட முடியுமோ, அந்தப் பகுதி மிகை.

'நான் வந்தேன்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'வந்தேன்' என்பதன் ஈற்றிலேயே வந்தவர் யார் என்பது இருக்கிறது. 'நான்' இல்லாவிட்டாலும் பொருள் குறையாது. ஆங்கிலத்தில் 'டூ புக்ஸ்' என்னும்போது, இரண்டு என்று சொன்ன பிறகு பன்மை விகுதிக்கு என்ன தேவை? 'இரண்டு புத்தகம்' என்று நாம் பேசி நன்றாகவே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் 'க்யூ' என்ற எழுத்தை எழுதினால் அடுத்து வருவது அநேகமாக 'யூ' என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 'யூ' நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை.

ஷானன் 1951-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில் ஓர் எளிய சோதனை வருகிறது. அச்சில் வந்த ஒரு பகுதியை ஒருவரிடம் காட்டாமல் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஊகிக்கச் சொன்னார். ஊகம் சரியானால் அடுத்த எழுத்து. தவறினால் விடையைச் சொல்லிவிட்டு அடுத்த எழுத்து. சொல்லிடைவெளி உட்பட 129 இடங்களில் 89 இடங்களை அவர் முதல் ஊகத்திலேயே சரியாகச் சொல்லிவிட்டார்! 26 எழுத்துகளும் ஓர் இடைவெளியும் எந்த ஒழுங்குமின்றி வந்தால், ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க 'ஆம், இல்லை' என்று விடை தரும் கேள்விகள் ஏறக்குறைய 5 வேண்டும், கணக்குப்படி 4.75. உண்மையான ஆங்கிலத்திலோ, முன்னே நூறு எழுத்துகள் தெரிந்திருந்தால், 0.6 முதல் 1.3 வரை போதும் என்று அவர் மதிப்பிட்டார். அதாவது ஆங்கில எழுத்தில் முக்கால் பங்கு மிகை.

முக்கால் பங்கு மிகை என்றதும், நான்கு சொல்லில் மூன்றை அடித்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மிகைமை ஏதோ ஒரு சொல்லில் மூட்டையாக இல்லை. எழுத்து, விகுதி, சொல்லின் வரிசை என்று எங்கும் பரவிக் கிடக்கிறது. அது வீணும் அன்று. 'மாணவர்கள் பள்ளிக்குச் சென்றர்கள்' என்று அச்சுப்பிழை வந்தாலும் நீங்கள் தடுமாறாமல் படித்துவிடுகிறீர்கள் அல்லவா? ஒரு கால் விழுந்தாலும் மற்ற எழுத்துகள் தாங்கிக்கொண்டன. மொழி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பேச்சில் இரைச்சல், எழுத்தில் பிழை, தந்தியில் தடங்கல் ஆகிய எல்லாவற்றுக்கும் எதிராக மொழி முன்கூட்டியே எடுத்து வைத்த காப்பு.

அந்தக் காப்பை முற்றிலும் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? 1887-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் கம்பளி வணிகர் பிரிம்ரோஸ் என்பவர், கன்சாஸ் மாநிலத்தில் இருந்த தம் முகவருக்கு ஒரு தந்தி அடித்தார். தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். ஆகவே வணிகர்கள் தங்களுக்குள் குறிச்சொற்களை வகுத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். பிரிம்ரோஸின் குறிப்பேட்டில் 'பே' என்ற சொல்லுக்கு 'நான் வாங்கிவிட்டேன்' என்று பொருள். அது வழியில் 'பை' என்று மாறிவிட்டது. ஆங்கிலத்தில் நடு எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. மோர்ஸ் குறியில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. 'பை' என்றால் 'வாங்கு' என்று பொருளாயிற்றே! முகவர் தயங்காமல் கம்பளியை வாங்கத் தொடங்கிவிட்டார். பிரிம்ரோஸுக்கு ஏறத்தாழ 20,000 டாலர் நட்டம். அவர் தந்திக் கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1894-இல் தீர்ப்பாயிற்று. செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கத் தனிக் கட்டணம் உண்டு. அதை அவர் கட்டவில்லை. எனவே தந்திக்குக் கொடுத்த 1.15 டாலருக்கு மேல் அவருக்கு எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தத் தந்தி சாதாரண வாக்கியமாக இருந்திருந்தால் ஒரு புள்ளி பிழைபட்டதை முகவரே கண்டுபிடித்திருப்பார். சிக்கனம் காப்பையும் சேர்த்துத் தின்றுவிட்டது. கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பல் 'மேடே' என்ற சொல்லை மும்முறை கூறவேண்டும் என்ற விதியும் இதே காரணத்தால் ஏற்பட்டதுதான். அலையிலும் காற்றிலும் ஒன்று அமுங்கினாலும் மற்றொன்று கேட்கும்.

இப்போது 'தேவையற்ற சொற்களை நீக்குக' என்று ஆங்கில நடைக்கு விதி வகுத்தவர்களிடம் வருவோம். அவர்களுள் புகழ்பெற்றவர் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வில்லியம் ஸ்டிரங்க். 1918-இல் தம் மாணவர்களுக்காக அவர் அச்சிட்ட சிறு நூலை, அவரிடம் 1919-இல் பயின்ற எழுத்தாளர் ஈ. பி. ஒயிட் திருத்தி விரித்து 1959-இல் வெளியிட்டார். இன்றும் அது விற்றுக்கொண்டிருக்கிறது. அதன் முன்னுரையில் ஒயிட் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். வகுப்பில் ஸ்டிரங்க் தேவையற்ற சொற்களை எல்லாம் வெட்டிவிடுவாராம். பேசவேண்டியது முடிந்துவிடும், மணியோ அடித்திருக்காது. எனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை சொல்வாராம். தேவையற்ற சொற்களை நீக்கவேண்டும் என்ற விதியையே மூன்று முறை சொன்னாராம்!

படிப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். நமக்கோ இதில் ஒரு நுட்பம் தெரிகிறது. பேச்சில் மூன்று முறை சொன்னவர் அச்சில் ஒரே முறைதான் சொன்னார். இரண்டும் சரியே. வகுப்பில் ஒரு மாணவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் பேனாவில் மை அடைத்துக்கொண்டிருப்பார். போன சொல் திரும்ப வராது. அச்சிட்ட பக்கமோ அப்படியன்று. கவனம் சிதறினால் கண் மேலே ஏறி அதே வரியை மறுபடி படித்துக்கொள்ளும். அங்கே ஒன்றை இரண்டு முறை சொல்லவேண்டிய இரைச்சல் இல்லை. இருக்கும் சிறு பிழைகளுக்கு முக்கால் பங்கு மிகைமை முன்பே காவல் நிற்கிறது. மழையில் குடை பிடிக்கலாம்; வீட்டுக்குள்ளும் பிடிப்பானேன்? 'ஈச் அண்ட் எவ்ரி' என்று எழுதுவது குறிப்பேட்டின் பக்கத்துக்குக் குடை பிடிப்பதுதான்.

ஸ்டிரங்கின் விதியில் நமக்குள்ள குறை ஒன்றே. 'தேவையற்ற' என்பதை எப்படி அறிவது என்று அது கூறுவதில்லை. அறிந்தவருக்கு விதி வேண்டுவதில்லை; அறியாதவருக்கு அந்த விதி உதவுவதில்லை.

ஆங்கிலத்தில் இந்த இரட்டைச் சொற்கள் மலிந்து கிடக்கும் இடம் வழக்குமன்றம். ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு 'நல் அண்ட் வாய்ட்' என்பார்கள். நிறுத்து என்பதற்கு 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்'. உயில் என்பதற்கு 'வில் அண்ட் டெஸ்டமென்ட்'. இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆட்சியாளரின் மொழி பிரெஞ்சு, குடிமக்களின் மொழி ஆங்கிலம். எனவே எழுத்தர்கள் இரு சாராருக்கும் புரிய இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எழுதினர் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. 'வில்' ஆங்கிலம், 'டெஸ்டமென்ட்' இலத்தீன் வழிவந்தது. அந்த இணைக்கு விளக்கம் பொருந்துகிறது. வீடு புகுந்து திருடுவதைக் குறிக்கும் 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்' என்பதற்கும் பொருந்தும். முதலாவது ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு. ஆனால் 'நல்', 'வாய்ட்' இரண்டுமே பிரெஞ்சு வழியில் வந்தவை. 'சீஸ்', 'டெசிஸ்ட்' இரண்டும் அப்படியே. சொத்துப் பத்திரங்களில் வரும் 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்டு' என்பதில் இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். அங்கே எந்த இரு சாராருக்கு விளக்கினார்கள்?

டேவிட் மெல்லின்காஃப் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1963-இல் சட்டமொழியின் வரலாறு பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். நார்மானியர் வருமுன்பே ஆங்கிலேயரிடம் மோனை அமையச் சொற்களை இரட்டித்துக் கூறும் வழக்கம் இருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். வாய்மொழியாகச் சட்டம் வழங்கிய காலத்தில் நினைவில் நிற்க அது உதவியிருக்கும். பின்னர் இரு மொழி வந்து அதற்குத் தூபம் போட்டது. அதன்பின் வழக்கறிஞரின் அச்சம் சேர்ந்துகொண்டது. ஒரு சொல்லை விட்டால் எதிர்த்தரப்பு அந்த ஓட்டையில் நுழைந்துவிடுமோ என்ற அச்சம். எழுதிய நீளத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் வழக்கம் வேறு இருந்தது. இவ்வளவு காரணங்கள் இருக்க ஒன்றை மட்டும் சொல்லி முடித்துவிடும் விளக்கங்களை நாம் சற்று ஐயத்தோடுதான் ஏற்கவேண்டும்.

நீளத்தைப் பொறுக்காத நீதிபதியும் இருந்திருக்கிறார். 1596-இல் இலண்டன் சான்சரி நீதிமன்றத்தில் மில்வர்டு என்பவர் தொடுத்த வழக்கில், 16 தாளில் அடங்கக்கூடிய மறுமொழி மனுவை வாதியின் மகன் 120 தாளுக்கு நீட்டி எழுதியிருந்தார். மனுவின் நடுவில் ஓட்டை போட்டு, அதில் அவர் தலையை நுழைத்து, எழுத்து வெளியே தெரியும்படி தோளில் தொங்கவிட்டு, வெறுந்தலையுடன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைச் சுற்றி அழைத்துவந்து ஒவ்வொரு மன்றத்திலும் காட்டவேண்டும் என்று ஆணை பிறந்தது. 10 பவுன் அபராதம் தனி. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதுவோருக்கு இப்படியொரு விதி இருந்தால் அச்சகங்கள் பாடு திண்டாட்டந்தான்!

சட்டத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. சட்டத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதோ வேலை உண்டு என்று கொண்டே நீதிமன்றங்கள் பொருள் காண முயல்கின்றன. எழுதியவர் ஓசைக்காக இரண்டு சொல் போட்டிருப்பார். படிக்கும் நீதிபதியோ இரண்டுக்கும் இரண்டு பொருள் தேடுவார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் எழுத்தைப் படிப்பவரும் இதையேதான் செய்கிறார்.

அதற்கு முன், வெட்டக் கூடாத இரண்டு வகைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். உறைந்துபோன இணைகள் முதல் வகை. நம் 'அக்கம் பக்கம்' என்பதில் 'அக்கம்' தனியே நிற்காது. 'நோய் நொடி' என்பதில் 'நொடி' அந்தப் பொருளில் தனித்து வராது. இவை இரண்டு சொற்கள் அல்ல; நடுவில் இடைவெளி விட்டு எழுதப்படும் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'கித் அண்ட் கின்' அத்தகையது. 'கித்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் விளங்காது. இவற்றை ஆராய்ந்த மொழியியலார் யாக்கோவ் மால்கீல் 1959-இல் எழுதிய கட்டுரையில் முன்பின் மாற்ற முடியாத இணைகள் என்றே பெயரிட்டார். ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதியை 1965-இல் திருத்திய எர்னஸ்ட் கவர்ஸ் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்றார். கவர்ஸ் பேராசிரியர் அல்லர், பிரிட்டிஷ் அரசு அதிகாரி. அலுவலகக் கடிதங்களின் நடையைச் சீராக்க 1948-இல் எளிய சொற்கள் பற்றி நூல் எழுதியவர். வெட்டுவதில் அவருக்கு நிகரில்லை; ஆனால் எங்கே கத்தியைக் கீழே வைப்பது என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வகை, ஒரு சொல் பிறமொழியாக இருந்து பொருள் மங்கியவை. இங்கிலாந்தில் 'ஏவன் ஆறு' என்று ஓடுகிறது. 'ஏவன்' என்பதற்கே பழைய பிரிட்டானிய மொழியில் ஆறு என்று பொருள். சகாரா என்ற அரபுச் சொல்லுக்குப் பாலைவனம் என்று பொருள். நாம் சகாரா பாலைவனம் என்கிறோம். 'நடுசென்டர்' என்று நம் தெருவில் சொல்வதைக் கேலி செய்யும் ஆங்கிலம் படித்தவர்கள், தாம் வங்கிக்குப் போய் 'பின் நம்பர்' என்று கேட்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் 'பின்' என்ற குறுக்கத்தின் கடைசி எழுத்தே 'நம்பர்'தான். ஆனால் வெறும் 'பின்' என்றால் குண்டூசியா, இரகசிய எண்ணா? பேச்சில் அந்த இரண்டாம் சொல் ஐயத்தைத் தீர்க்கிறது. இருக்கட்டும். எழுத்தில் 'பின்' என்று மட்டும் எழுதினாலே இடம் நோக்கிப் பொருள் தெரியும்.

இனி நம் முதன்மையான பொருளுக்கு வருவோம். அறிவியலில் இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தால், இரண்டு தனித்தனிச் செய்திகளைத் தனித்தனியே பார்த்தாயிற்று என்று படிப்பவர் கொள்கிறார். 'அக்யுரசி', 'பிரிசிஷன்' என்ற இரண்டுக்கும் பேச்சு ஆங்கிலத்தில் துல்லியம் என்றே பொருள். ஆய்வகத்தில் அப்படியன்று. 100 கிராம் எடைக்கல்லை ஒரு தராசில் மூன்று முறை வைக்கிறோம். 96.1, 96.2, 96.1 என்று காட்டுகிறது. அளவீடுகள் ஒன்றோடொன்று நெருங்கியுள்ளன; இது 'பிரிசிஷன்'. உண்மை எடையிலிருந்தோ எல்லாமே விலகி நிற்கின்றன, 'அக்யுரசி' இல்லை. இந்தத் தராசைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லை அடித்துவிட்டால் தராசின் குறையே மறைந்துபோகும்.

மருத்துவமனைக் குறிப்பேட்டில் 'பாஸ்ட் ஹிஸ்டரி' என்று ஒரு தலைப்பு இருக்கும். வரலாறு என்றாலே கடந்ததுதானே என்று கையேடுகள் இதைத் தவறாமல் அடித்துவிடுகின்றன. மருத்துவரோ அடிக்க மாட்டார். இப்போது வந்துள்ள நோயின் வரலாறு ஒரு தலைப்பு, முன்பு வந்து போன நோய்களின் வரலாறு மற்றொரு தலைப்பு, குடும்பத்தாரின் நோய் வரலாறு இன்னொன்று. அந்த அடைமொழி இல்லாவிட்டால் எது எங்கே எழுதப்பட்டது என்று தெரியாமல் போகும்.

எல்லாவற்றிலும் கனமான இணை மருந்தைப் பற்றியது. ஒரு மருந்து 'ஸேஃப் அண்ட் எஃபெக்டிவ்', அதாவது பாதுகாப்பானது, பயனளிப்பது என்று விளம்பரங்களிலும் படிக்கிறோம், ஆய்விதழ்களிலும் படிக்கிறோம். ஓசைக்காகச் சேர்த்த இரட்டைச் சொல் போலவே காதில் விழுகிறது. இந்த இரண்டு சொற்களும் அமெரிக்கச் சட்டத்தில் சேர்ந்து நிற்க 24 ஆண்டுகள் ஆயின. 1937-இல் சல்பானிலமைடு என்ற மருந்தை இனிப்பான நீர்மமாக விற்க எண்ணிய ஒரு கம்பெனி, அதை டை எதிலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, நச்சுத்தன்மையைச் சோதிக்காமலே கடைகளுக்கு அனுப்பியது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அதன் விளைவாக 1938-இல் வந்த சட்டம், புது மருந்தை விற்குமுன் அது பாதுகாப்பானது என்று காட்டவேண்டும் என்றது. பயனளிக்கிறதா என்று அது கேட்கவில்லை. வெறும் சர்க்கரை மாத்திரையும் பாதுகாப்பானதுதான்! தாலிடோமைடு என்ற மருந்தைக் கருவுற்ற தாய்மார்கள் உண்டதால் பல நாடுகளில் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்த கொடுமை உலகை உலுக்கிய பிறகு, 1962-இல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. அப்போதுதான், சொன்ன நோய்க்கு மருந்து பயனளிக்கிறது என்பதற்கும் சான்று வேண்டும் என்ற இரண்டாவது சொல் வந்து சேர்ந்தது.

அந்த இரண்டு சொற்களுக்கும் இரண்டு வகைச் சோதனைகள், இரண்டு அடுக்குச் சான்றுகள் பின்னால் நிற்கின்றன. இப்போது 'ஃபுல் அண்ட் கம்ப்ளீட்', 'ட்ரூ அண்ட் கரெக்ட்' என்று பக்கம் முழுதும் ஓசைக்காக இரட்டித்து எழுதும் ஒருவர், நடுவில் தம் அளவீடு 'வேலிட் அண்ட் ரிலையபிள்' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? அளக்க வேண்டியதைத்தான் அளந்தோமா என்பது முதலாவது. திரும்ப அளந்தாலும் அதே விடை வருமா என்பது இரண்டாவது. இரண்டையும் இவர் தனித்தனியே சோதித்தாரா, அல்லது இதுவும் வழக்கமான அலங்காரமா? தெரிந்துகொள்ள வழியில்லை. முந்தைய பக்கங்களில் வீணாக இரட்டித்த சொற்கள் இந்த உண்மையான இணையின் மதிப்பையும் கெடுத்துவிட்டன. மிகையான சொற்களால் தாள் செலவாகிறது, நேரம் போகிறது என்று கையேடுகள் குறை கூறுகின்றன. அவை சிறிய செலவுகள். நம்பிக்கை போவதுதான் பெரிய செலவு.

ஆகவே ஓர் இணையைக் கண்டால், இரண்டுக்கும் ஒரே பொருளா என்று அகராதியைப் புரட்டாதீர்கள். ஒன்றை விரலால் மறைத்துக்கொண்டு, படிப்பவருக்கு எது தெரியாமல் போகிறது என்று கேளுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அடித்துவிடுங்கள். ஏதேனும் குறைந்தால் விடுங்கள்.

சிறு பயிற்சி ஒன்றைச் செய்து பார்க்கலாம். குறிப்பேட்டில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: 'ஈச் அண்ட் எவ்ரி' குடுவையிலும் சுண்ணாம்பும் நீரும் 'மிக்ஸ்டு டுகெதர்' செய்யப்பட்டன, கலவை 'ஷேக்கன் அண்ட் ஃபில்டர்டு' செய்யப்பட்டது, 'கிளியர் அண்ட் கலர்லெஸ்' ஆன திரவம் கிடைத்தது. முதலாவதில் ஒரு சொல் போதும். இரண்டாவதில் 'டுகெதர்' வேண்டாம். சேராமல் எதுவும் கலப்பதில்லை. மூன்றாவதைத் தொடாதீர்கள், குலுக்குவது ஒரு வேலை, வடிகட்டுவது வேறு வேலை.

நான்காவதில்தான் பலர் வழுக்குவார்கள். தெளிந்தது, நிறமற்றது இரண்டும் ஒன்றே என்று எண்ணி ஒன்றை அடித்துவிடுவார்கள். மயில்துத்தக் கரைசலைச் சோதனைக் குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அப்பால் உள்ள சன்னல் கம்பி தெரிகிறது, ஆகவே தெளிந்தது. ஆனால் நீலம், நிறமற்றது அன்று. இனி, வடித்தெடுத்த அந்தச் சுண்ணாம்பு நீருக்குள் ஒரு குழாய் வழியாக மூச்சை மெல்ல ஊதுங்கள். கரியமில வாயு பட்டதும் அது பால் போல் கலங்குகிறது. சன்னல் கம்பி மறைந்துவிட்டது. ஊதுமுன் 'கிளியர்' என்று எழுதி வைத்திருந்தால்தான், இப்போது எது போயிற்று என்று அடுத்த வரியில் எழுத முடியும்.